கண்ணை மட்டும் விட்டு

தரம் ஐந்தில் படிக்கும் என் மகளின் செவிப்பறை, வகுப்பாசிரியர் அறைந்ததில் கிழிந்துவிட்டது. காதில் சீழ் வடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த ஆசிரியர் மீது தொடுத்த வழக்கில் பிள்ளை சார்பில் ஆஜராக ஓர் இளம் பெண் சட்டத்தரணி மானிப்பாயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுடன் தனியாகக் கதைக்க வேண்டுமென்று என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் "ஒண்டுமில்லையம்மா" என்பதற்கு மேல் வாய் திறக்காத பிள்ளை, யாரோ ஒருத்தியிடம் அரை மணி நேரமாகக் கதைக்கிறாள். இடையில் சிரிப்பு வேறு. பொறுக்க முடியாமல், தேநீர் கொடுக்கும் சாட்டில் கதவடிக்குப் போனேன்.

"ஏன் அம்மாவிட்டைச் சொல்லேல்லை?" என்று சட்டத்தரணி கேட்பது கேட்டது.

"அம்மாதானே சேருக்குச் சொன்னவ, கண்ணை விட்டிட்டு எங்கை வேணுமெண்டாலும் அடியுங்கோ எண்டு. சேர் கண்ணிலை அடிக்கேல்லைத்தானே."

தேநீரோடு திரும்பிவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கேட்கப் பெருமையாகச் சொன்ன வார்த்தை அது.

இந்த வருடம் சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஆசிரியையிடம், "பிள்ளையிலை கை வைக்கக் கூடாது, ரீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

சட்டத்தரணி இப்போதும் வருகிறார். அவர் வரும் நாளில் மகள் தலைவாரிக் காத்திருக்கிறாள். எனக்கு இப்போதும் எரிகிறது. ஆனால் யாரும் சொல்லமுன் நானே கதவைச் சாத்திவிட்டு, சத்தம் கேட்காத தூரத்தில் போய் இருக்கிறேன்.