மதினிக்கு ஒரு அவல் பாயசம்

போன ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் எங்கள் வீட்டில் இரண்டு பாயசம். ஒன்று, காலையிலிருந்து பாடுபட்டுச் செய்தது. வந்தவர் அதைத் தொடவில்லை. இன்னொன்று, அவசரத்துக்குச் செய்தது. அதில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

பால், நெய் சேர்க்காமல், வயிற்றைக் கெடுக்காமல், சுருக்காகச் செய்கிற இனிப்பு ஏதாவது எழுதுங்களேன் என்று ஒரு வாசகி கேட்டு ரொம்ப நாளாகிறது. பால் இல்லாமல் என்ன பாயசம் என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் செய்முறைக்கு முன்னால் மதினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மதினி என் கணவரின் அக்காள். வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது, வீட்டுக்குப் பெரியவளாக நின்று அத்தனை பேருக்கும் பரிமாறினார். கடைசிப் பந்தியில்தான் இலைமுன் உட்கார்ந்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது... பாயசம் வரவில்லை. அண்டாவின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம்தான் வந்தது.

சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்தில் அத்தைக்காரி இலைக்குப் பாயசம் இல்லை. லேசான விஷயமா? மதினி முகம் கறுத்து எழுந்துவிட்டார். என் கணவர் அப்போதாவது சமாதானமாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "பாயசத்தையே காணாதவ மாதிரில்லா நிக்க" என்றார், ஊர் கூடியிருக்கும்போது.

"இனி இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மதினி பஸ் ஏறினார். அன்று காது குத்திக்கொண்ட குழந்தை இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். அக்காளும் தம்பியும் மட்டும் பேசவில்லை. கல்யாண வீடுகளில் இவர் கிழக்கே உட்கார்ந்தால் அவர் மேற்கே உட்காருவார்.

நடுவில் என் கணவருக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மதினி எட்டிப் பார்க்கவில்லை. பாயச விஷயத்தில் தப்பு தன்மேல் என்று இவருக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வராததை மட்டும் இவரால் மறக்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான், குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம், குளித்துவிட்டு அப்படியே தம்பி வீட்டுக்கும் வந்து போகிறேன் என்று மதினி ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு இல்லாமல் போன பாயசத்தை இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

மதினி ஈரத்தலையோடு வந்தார். என் கணவரே டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். மதினி வாங்கினார்... பார்த்தார்... பக்கத்தில் வைத்துவிட்டார். வேறு பேச்சு பேசினார். அருவியில் கூட்டம் தாங்கவில்லையாம். செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த பலாப்பழம் ஒன்றும் சுகமில்லையாம்.

பாயசத்தில் ஆடை படிந்தது. என் கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல்படி தாண்டிவிட்டால் மனிதர் அக்காள் பஸ் ஏறும்வரை திரும்ப மாட்டார். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் பேச்சு இல்லை. எங்கள்மேல் இன்னும் என்ன வருத்தம் என்று மதினியிடம் கேட்டேவிட்டேன்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. நான் பால விட்டு ரெண்டு வருஷமாச்சு. இங்கன நம்ம கோயில்ல வச்சு விட்டது. இவன் காய்ச்சல்ல கெடந்தாம்லா, அப்ப."

காசிக்குப் போனால் பிரியமான பண்டம் ஒன்றை விட்டுவிட்டு வருவார்கள் அல்லவா? தனக்குத் தென்காசிதான் பஸ்ஸுக்கு எட்டுகிற காசி என்றார் மதினி. பாலை விட்டதில் தயிர், மோர், நெய் எல்லாம் அடக்கமாம். மூன்று வேளையும் பால் காப்பி குடித்த மனுஷி.

என் கணவர் படியிலேயே நின்றுவிட்டார். கோயில் வரைக்கும் வந்தவளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரத் தெரியாதா என்று கேட்டார்.

"நீ கூப்பிடலியே" என்றார் மதினி.

இனி செய்முறை. கொஞ்சம் அவலைக் களைந்து வையுங்கள். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். அவலைப் போட்டால் நொடியில் வெந்துவிடும். தேங்காயைத் துருவிப் பால் எடுக்க வேண்டும். அன்றைக்கு அந்த வேலையை என் கணவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். துருவியின்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சிரட்டை தெரிகிறவரை துருவினார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. மதினியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுப்பை விட்டு இறக்கிய பிறகே தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டால் இனிப்புக் கொஞ்சம் குறைவாகவே போதும். சுக்கு, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். நெய்யில் முந்திரி வறுக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தேங்காய்ப் பல்லைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்துப் போட்டால் வாசனை தெருவுக்கே போகும். காலையில் நான் அடுப்படியில் நின்ற நேரத்தில் இதைப் பத்துத் தடவை செய்திருக்கலாம்!

மதினி ஊதி ஊதிக் குடித்தார். சுக்கு கூடிப்போச்சு என்றார். டம்ளரைத் திரும்பவும் நீட்டினார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஓடிவந்து ஊற்றினார்.

பிறகு பஸ் ஸ்டாண்டுவரை இருவருமாக நடந்து போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவரிடம் கேட்டதற்கு, பஸ்ஸில் கூட்டம் என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு, பால் ஊற்றாமல் கொண்டுவரச் சொன்னார். உடம்புக்கு என்ன என்று பதறினேன். ஒன்றுமில்லை என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தார். இந்தப் பத்தியை எழுதுகிற இன்றுவரை அதே கறுப்புக் காப்பி, அதே சுளிப்பு.

இத்தனை வருஷம் பேச்சை விட்டிருந்த அக்காளும் தம்பியும் இப்போது ஒற்றுமையாகப் பாலை விட்டிருக்கிறார்கள்... பால்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்!