சியாங் மாய் மலையில் கட்டிய காப்பு

ஓடைக்கு அக்கரையில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஏறி அமர்ந்துவிட்டார்கள். ஓடையின்மேல் கிடந்த மரப்பாலத்துக்கு இப்பால், வலக்கை மணிக்கட்டை இடக்கையால் இறுகப் பற்றியபடி, கோதண்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“இன்னா கோதண்டம், இங்கியே குடித்தனம் வெச்சிடலாம்னு பாக்கறியா?” என்று வேன் சன்னலிலிருந்து கூவினார் ஸ்ரீபெரும்புதூர் அப்பாவு. உள்ளே சிரிப்பு எழுந்தது. கோதண்டம் சிரிக்கவில்லை.

வடக்குப்பட்டில் பிறந்து, ஒரகடம் கூட்டுரோட்டில் பம்புசெட்டுக் கடை வைத்தவர் அவர். ஏரிகள் வறண்ட ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளிலெல்லாம் அவர் விற்ற மோட்டார்களே ஓடின. அதிகம் விற்ற கடைக்காரர்களை, 1984ஆம் ஆண்டு, மனைவியரோடு தாய்லாந்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றது மோட்டார்க் கம்பெனி. அப்பாவுவும் அவ்வாறு வந்தவரே. அதுவரை திருப்பதியைத் தாண்டிப் போகாத கோதண்டம், மனைவி பாஞ்சாலியோடு சியாங் மாய் மலைநாட்டில் வந்து இறங்கினார்.

வந்த நாள்முதல் வியப்புத்தான். மலையுச்சியில் பொன் தகடு வேய்ந்த கோபுரம். விடியற்காலையில் திருவோடு ஏந்தி வரிசையாக வரும் காவியுடைத் துறவிகள். பகலிலும் கலையாத மூடுபனிக்குள் தேக்கங்காடு. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் பூத்திருந்த ஊதாப் பூக்களைக் காட்டிப் பாஞ்சாலி, “மண்ணும் வோணாம், கெணறும் வோணாம், அதும்பாட்டுக்குப் பூக்குது. இந்த ஊர்ல உன் மோட்டார எவன்யா வாங்குவான்?” என்றாள். அதற்கு அவரும் சிரித்தார்.

கடைசி நாளன்று ஒரு மலைக்கிராமத்தில் விருந்து. ஊரெல்லையான ஓடைப் பாலத்தருகே, நுழைவாயிலில், ஒற்றைக் கம்பத்தின்மேல், பொம்மை வீடு போல ஒரு சிறு கோயில் நின்றது. ஊரைக் காக்கும் ஆவி அதில் குடியிருப்பதாகச் சொன்னார்கள். ‘நம் எல்லைச்சாமியைப் போல’ என்று கோதண்டம் கைகூப்பினார். பின்னர் விருந்தினரை வட்டமாக அமர்த்தினார்கள். நடுவில் வாழையிலைக் கூம்பு, பூ, அரிசி, அவித்த முட்டை. ஊர்ப் பெரியவர் ஏதோ முணுமுணுத்தபடி ஒவ்வொருவர் கையிலும் வெள்ளை நூலைச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டே வந்தார். மற்றவர்கள் விளையாட்டாகக் கை நீட்டினார்கள், கோதண்டமும் நீட்டினார். மூன்றாவது முடிச்சு விழும்போதுதான் அவருக்கு உடல் சில்லிட்டது.

காப்பு! எல்லைச்சாமி இருக்கும் ஊரில், பூசை செய்து, மணிக்கட்டில் கட்டியிருக்கிறார்கள்!

வடக்குப்பட்டு அம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவன், தீமிதி முடிந்து அதைக் கழற்றும்வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உயிர் தங்காது. கோதண்டத்துக்கு இது கேள்விப்பட்ட செய்தியன்று. அவருடைய அண்ணன் கண்ணப்பன், காப்புக் கட்டிய கையோடு ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவுக்குப் போய், திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். உடலை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் கோதண்டம்தான். அந்த மணிக்கட்டில் மஞ்சள் நூல் அறாமல் இருந்ததை அவர் தம் கண்ணால் பார்த்தார்.

கம்பெனி அதிகாரி இராஜாமணி வேனிலிருந்து இறங்கி வந்தார். “முதலாளி, காலைல ஃபிளைட்டு. ஏறுங்க.”

“கட்டினவரையே அவுக்கச் சொல்லுங்க சார். அவுத்தா ஏறறேன்.”

வழிகாட்டியின் வாயிலாக விவரம் பெரியவருக்குப் போயிற்று. அவர் திடுக்கிட்டு இரு கைகளையும் ஆட்டி மறுத்தார். மூன்று நாளாவது கையில் கிடக்க வேண்டுமாம். கட்டிய அன்றே அவிழ்ப்பது பெருங்கேடாம். “இது பயணம் போறவங்களுக்குக் கட்டறதுதானாம் முதலாளி. உயிரு உடம்ப விட்டுட்டு எங்கியும் ஓடிடாம இருக்கக் கட்டறாங்களாம்,” என்றார் இராஜாமணி.

“ஓடப் போவுதுன்னு தெரிஞ்சிதானே சார் கட்டறாங்க!” என்று கோதண்டம் அலறினார்.

அப்போது பாஞ்சாலி வேனிலிருந்து இறங்கினாள். பாலத்தைக் கடந்து இப்பால் வந்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதிலும் வெள்ளை நூல்.

“எனக்குந்தான் கட்டிக்கீறாங்க. இப்பதான் ஒருவாட்டி தாண்டினேன். நல்லாப் பாத்துக்கோ, இன்னொருவாட்டி தாண்டறேன்.”

“ஏய்! பாஞ்சாலி! போவாத!”

அவள் போனாள். பலகைகள் கிறீச்சிட்டன. அக்கரையில் நின்று திரும்பினாள். ஆத்திரத்தில் அவள் குரல் உடைந்தது. “உங்க அண்ணன் காப்பாலயா செத்தாரு? நிக்க முடியாத அளவுக்குக் குடிச்சிட்டு நடு ரோட்டுல நடந்தாரு. ஊருக்கே தெரியும்யா. உனக்குத்தான் யாரும் சொல்லல!”

வேனுக்குள் அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைக் கோதண்டம் கண்டார். ஓடை இரைந்துகொண்டே இருந்தது. அண்ணன் குடித்தாரா, பொய்யா, மெய்யா என்பதெல்லாம் அந்த நொடியில் அவர் நெஞ்சில் நிற்கவில்லை. அவள் எல்லைக்கு அப்பால் நிற்கிறாள். தாம் இப்பால் நிற்கிறோம். வருவது வரட்டும், அவள் தலையில் மட்டும் விழக் கூடாது. கண்களை இறுக மூடிக்கொண்டு, செருப்பொன்று கழன்று விழுந்ததும் அறியாமல், அவர் பாலத்தின்மேல் ஓடினார்.

வேன் மலையிறங்கியது. அவர் கேட்டார்: “யார் யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

“எங்கம்மாவுக்கு?”

பாஞ்சாலி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அவங்கதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அண்ணன சாமின்னு நெனச்சிக்கினு இருந்தியாம்.”

கோதண்டத்துக்கு அறிவு தெளிந்தாலும் அச்சம் தெளியவில்லை போலும். பொது இடத்தில் மனைவியைத் தொட்டறியாத அம்மனிதர், ஊருக்குத் திரும்பி ஒரகடம் கூட்டுரோட்டில் பேருந்தைவிட்டு இறங்கியபோது, எதிரே ஒரு லாரி வரக் கண்டு, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் சீழ்க்கையடித்தார்கள்.

“உடுய்யா, மானம் போவுது,” என்றாள் பாஞ்சாலி.

லாரி கடந்து, புழுதி அடங்கி, கடைவாசல் வரும்வரை அவர் விடவில்லை.