பெற்றோல் மூடியில் வைத்த சந்தனம்

மகள் வாங்கிய பழைய காருக்கு நேற்று மனைவி சந்தனம் குழைத்தாள். "அப்பா, ஜஸ்ட் ஒரு பொட்டு வையுங்கோ, எனக்கு வேலைக்கு லேட்டாகுது" என்றாள் மகள். வாசம் மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது.

பிள்ளைகளே, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒருவர் வீட்டிலேயே விமானம் செய்தார் என்றால் நம்புவீர்களா? அவர் யோகன் அண்ணை. மிசிசாகாவில் ஒரே தொழிற்சாலையில் இருவரும் இரும்பு கடைந்தோம். விமானத்தின் உடல் அவருடைய கராஜுக்குள், சிறகுகள் சோபாவுக்குப் பின்னால். பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றித் தானே திரும்பப் பூட்டினார். நான் செய்த உதவி? பெரும்பாலும் சாப்பிட்டதுதான்.

தனியாகப் பலமுறை பறந்து பழகியபின் ஒருநாள் என்னையும் ஏற்றினார். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு புல் ஓடுபாதை. அன்று நானும் போகிறேன் என்பதால் அவர் மனைவி தேவி அக்கா வழமையைவிடத் தாராளமாக, மூக்கிலிருந்து வால்வரை சந்தனம் வைத்தார்.

வயல்களுக்கு மேலே எஞ்சின் இருமியது. பிறகு நின்றே விட்டது. முன்னால் விசிறி அசையாமல் நிற்கிறது. காற்றின் சத்தம் மட்டும்.

"அண்ணை, மேல இழுங்கோ!"

"விசரா, இழுத்தா விழுந்திடுவம். வேகம் வேணும். பெல்ட்டை இறுக்கு."

அவர் மூக்கைத் தாழ்த்தினார். நான் தெரிந்த தேவாரங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து பாடினேன். சோயாச் செடிகள் விமானத்தின் அடிவயிற்றில் உரச, ஒரு வயலில் இறக்கினார். ஒரு சக்கரம் வளைந்தது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

இறங்கிப் பெற்றோல் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியிலிருந்த ஊசித்துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. தகரப்பேணியில் வரும் ரின்பாலுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராதுதானே? காற்றுப் போக இன்னொன்று வேண்டும். அதே கதைதான்.

சட்டை நுனியால் துடைத்தார். "தேவிக்குச் சொல்லாத. தன்னாலதான் எண்டு தெரிஞ்சா அவள் தாங்கமாட்டாள்."

தேவி அக்காவோ, "நான் வைச்ச சந்தனம்தான் உங்களைக் காப்பாத்தினது" என்று அழுதார். எஞ்சினைப் பூட்டியதில் கணவர் பிழை விட்டுவிட்டார் என்றே நினைத்து, இனிப் பறப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். உண்மை சொன்னால் விமானம் மிஞ்சியிருக்கும். அண்ணை தலையாட்டினார். யாரோ விலைக்கு வாங்கி, அதை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு பிறந்தநாள் விருந்துகளில் இதே பகிடி. "யோகன் அண்ணை, மைக்ரோவேவ் பழுது, திருத்தித் தாறியளே? நடுவில நிண்டு போகாதே?" எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் நானும் சிரித்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

தேவி அக்கா போன மாரியில் இறந்துபோனார். அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் கேட்டேன். "அண்ணை, இனி எல்லாருக்கும் சொல்லட்டே?"

"ஆருக்கடா?"

யோசித்துப் பார்த்தேன். பகிடி விட்டவர்களில் பாதிப்பேர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேருக்கு விமானமே ஞாபகமில்லை. ஓடுபாதை இருந்த இடத்தில் வீடுகள். அவர் செய்தது நல்ல விமானம் என்று நான் சொல்லியிருக்கவேண்டிய நாட்களில், எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் இருந்தார்கள்.