பென் டிரைவுக்கு வைத்த பொட்டு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கும், பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர வந்து நிற்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, நான். அம்மாவின் குரல் எப்போதாவது போனில் வரும். முகம்தான் எனக்கு மங்கிக்கொண்டே போனது. கண்ணை மூடி நினைத்தால் சேலையின் நிறம் வரும், மூக்கு வராது. பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் குவைத்திலிருந்து லீவில் வந்த பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தி, அம்மா கொடுத்தனுப்பியதென்று சுண்டுவிரல் அளவில் ஒரு சாமானைக் கொண்டுவந்து தந்தாள். பென் டிரைவாம். அம்மாவின் படங்கள் அதற்குள் இருக்கின்றனவாம், டவுனில் கொம்பியூட்டரில் போட்டால் தெரியுமாம்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், ரேடியோவோ தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோ, சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் புழங்குவோம். அத்தை அந்தச் சாமானின் மூடியைக் கழற்றி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தகரம் மின்னுகிற பக்கம்தான் முகம் என்று முடிவு செய்தாள். தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, முருகன் படத்தடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வெளியே தெரிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். உள்ளே இறங்கியது யாருக்கும் தெரியாது.

மூவரும் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனோம். போனும் கொம்பியூட்டரும் வைத்திருக்கிற கொமினிகேஷன் கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவர் அதை வாங்கி கொம்பியூட்டரின் முன்பக்கத்துச் சின்ன வாயில் செருகினார். நுழையவில்லை. புரட்டிச் செருகினார், நுழைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"பழுது போலண்ணே," என்றார் நானா.

"இப்பதான நானா வந்திச்சு," என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது.

நானா அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

"நாந்தான். புதுச் சாமான் இல்லியா?" என்றாள் அத்தை.

"நெத்தியில வைங்கக்கா, வாணாம்னு சொல்லல. வாய்க்குள்ள அப்பினா அது எப்படிப் பேசும்?"

"படமெல்லாம் அழிஞ்சிருக்குமா?" என்று அப்பா கேட்டார்.

"படம் உள்ளுக்குப் பத்திரமா இருக்கும். வழிதான் அடைச்சுக் கெடக்கு."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஈர்க்குச்சியில் சுற்றி, மெல்லச் சுரண்டினார். நான் அழப்போவதைக் கண்டாரோ என்னவோ, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க மகன். கொம்பியூட்டர்ல இருக்கிற இந்த வாய்க்குப் பேரு யூ.எஸ்.பி. போர்ட். கேமரா, பிரிண்டர், எது வந்தாலும் இதே வாய்தான். முந்தியெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஓட்டை. இந்தச் சாமானுக்கு உள்ள நாலு தகடு தெரியுதா? ஓரத்து ரெண்டும் கரண்டுக்கு. நடு ரெண்டும் விஷயம் போக வர. ஓரத்தது கொஞ்சம் நீட்டு, அதால கரண்ட் முந்திப் போகும். முழிச்சாத்தானே பேசலாம்? முழிச்சதும் கொம்பியூட்டர் இதுக்கிட்ட நீ யாருன்னு கேக்கும். நான் இன்ன சாமான்னு இது சொல்லும். அதுக்கப்புறந்தான் உள்ள இருக்கிறதக் காட்டும்."

மறுபடி செருகினார். பென் டிரைவின் முதுகில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டியது.

"முருகன் படத்தடியில வச்சதாலதான் இவ்வளவு தூரம் தாங்கிச்சு," என்றாள் அத்தை.

அம்மா வந்தாள். மூக்கும் வந்தது. வெள்ளைக் கார் ஒன்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அடுத்ததில் பெரிய மாடிப்படி, அதிலும் சிரிப்பு. அப்படியே பல படங்கள். கடைசியில் ஒன்று, அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரோ அவளுக்குத் தெரியாமல் எடுத்தது போலிருந்தது. குசினித் தரையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் தட்டை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பிரிண்ட் எடுத்துத் தாரேன். எது வேணும்?" என்றார் நானா.

"கார்," என்றேன்.

"காரயே போடுங்க. லயத்துல எல்லாரும் பாக்கட்டும்," என்றாள் அத்தை.

அப்பா திரைக்குக் கிட்டப் போனார். பிறகு குசினிப் படத்தில் விரலை வைத்தார்.

"இதுலதான் அவ இருக்கா."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. அவ்வளவு நல்ல கார் இருக்க, தலைகூடச் சீவாத படத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? அப்பா அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் கையால் பொத்திக்கொண்டார்.

அடுத்த முறை அம்மாவின் போன் வந்தபோது அவர் ஊர்க்கதை ஒன்றும் பேசவில்லை. "போதும், வந்துரு" என்று மட்டும் சொன்னார். அம்மா வரப்போகிறாள் என்று குதித்தேன். ஆனாலும் காரும் மாடியுமாகச் சிரித்துக்கொண்டிருப்பவளை, கூரை ஒழுகுகிற இந்த வீட்டுக்கு அவர் ஏன் அவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

எழுதி முடித்தது: ஆடி மாதம், பௌர்ணமிப் போயா லீவு நாள், பின்னேரம்.