இறுக்கி மூடிய கலசம்

கனடாவுக்கென்று புறப்பட்ட என்னை முகவர் ஒரு கரீபியன் தீவில் இறக்கிவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று போனார். அந்த நாளை மூன்று வருடம் நீண்டது. ஒரு முக்குளிப்புக் கடையில் காற்றுச் சிலிண்டர் கழுவத் தொடங்கி, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேறினேன். சுற்றுலாக்காரர்களை ஆமைகளுக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான் வேலை. ஆமைகள் பெரிதாக அக்கறை காட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எப்படியோ சுவிசுக்கு வந்து சேர்ந்தேன். துன் ஏரிக்கரையில் அதே வேலை. குளிர்காலம் முழுக்க முதலாளி கரீபியனில் இருப்பார். பயணப் பத்திரம் இல்லாத நான் கடையில் இருப்பேன். ஏரியில் ஆமை கிடையாது. மோவாயில் ஒற்றை மீசை வைத்த பழுப்பு மீன்கள், வழக்குக்கு அழைக்கப்பட்ட சாட்சிகள்போல அடியில் கிடக்கும்.

ஒரு நவம்பர் காலை, ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலைசெய்யும் அண்ணை ஒருவர் கடைக்கு வந்தார். மூன்று கிழமைக்கு முன் மனைவியை இழந்தவர். செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன்.

"தம்பி, ஒரு பிழை விட்டிட்டன். கலசத்தைத் திறந்து சாம்பலைக் கரைக்கவேணும் எல்லோ? நான் மூடியோட ஏரியில போட்டிட்டன்."

"ஏன் அண்ணை?"

"பொலிஸ் படகு வந்தது. இங்க தடையாக்கும் எண்டு பயந்திட்டன். செம்புக் கலசம், கல்லு மாதிரிப் போயிட்டுது."

தடை எதுவும் இல்லையென்று பிறகு விசாரித்து அறிந்தேன். அன்று படகிலிருந்தவர் இவருக்குக் கைகூடக் காட்டினாராம்.

"படுத்தால் தட்டுற சத்தம் கேக்குது. உள்ளுக்கிருந்து தட்டுற மாதிரி. ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. நீர்தானே தண்ணிக்குள்ள போற ஆள்."

பேய் பிசாசை நான் நம்புவதில்லை. அதைப் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், வெயிலில் நின்றுகொண்டு. தனியே இறங்காதே என்பது நான் கற்பிக்கும் முதல் விதி. தனியே இறங்கினேன். அண்ணை, தான் கலசத்தைப் போட்ட படகுத்துறையின் நுனியில் குந்தியிருந்தார்.

பத்து மீட்டரில் பச்சை கறுப்பானது. விளக்கைப் போட்டேன். சேற்றில் கலசம் நேராக நின்றது, யாரோ வைத்ததுபோல. அதைச் சுற்றி மூன்று மீசை மீன்கள், தலையைக் கலசத்தின் பக்கம் வைத்து, அசையாமல் கிடந்தன. வெளிச்சம் பட்டும் விலகவில்லை.

அப்போது கேட்டது. டொக். டொக்.

விளக்கின் கயிறு சிலிண்டரில் இடிக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். டொக். தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது சுவாரசியமான தகவலாக இருந்தது.

கலசத்தை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி மூடியைத் திருகினேன். இரண்டாவது விதி, மூச்சை அடக்காதே. அடக்கினேன். மூடி சட்டென்று கழன்றது. என் வாயிலிருந்து வராத ஒரு பெரிய குமிழி என் முகத்தை உரசிக்கொண்டு மேலே போனது. மீன்கள் மூன்றும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தன. சத்தம் நின்றிருந்தது.

சாம்பல் தானாக வெளியே வரவில்லை. கையை விட்டு அள்ளினேன். அது கீழே விழாமல் என்னைச் சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. "போங்கோ அக்கா" என்று மனதுக்குள் சொன்னதாக ஞாபகம். நம்பிக்கை இல்லாதவர்களும் மரியாதையாக இருக்கலாம்.

மேலே வந்தபோது பற்கள் அடித்துக்கொண்டன. அண்ணை என் கையுறை மடிப்பில் ஒட்டியிருந்த சாம்பலைக் கண்டார். என் கையைப் பிடித்து, விரல் விரலாக ஏரியில் கழுவினார்.

"உம்மடை குமிழியள் சின்னன் சின்னனா வந்துகொண்டிருந்தது. பிறகு நிண்டுது. நான் பயந்திட்டன். அப்ப ஒண்டு மட்டும் பெரிசா, தனிய வந்துது. அது நீர் விட்டதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். குளிரில் அதற்கும் தென்பில்லை.

"இல்லை அண்ணை."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வெளிக்கிட்டிட்டாள்," என்றார். பிறகு வாயை அகலத் திறந்து ஒரு நீண்ட கொட்டாவி விட்டார்.