தண்டாயுதபாணியின் இரண்டு கார்புரேட்டர்கள்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் தண்டாயுதபாணியைக் கோபக்காரர் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாமா என்று எனக்கு வரும். கோபம் எதற்காக வந்தது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? என் பெயர் மலைச்சாமி. வில்பட்டியிலிருந்து வத்தலக்குண்டுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். என் லாரி எஞ்சினைப் பிரித்ததும் பூட்டியதும் அவர்தான். அந்த மோட்டார் சைக்கிள் விவகாரத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே இருந்தவன் நான்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. கடையில் உட்காரச் சொன்ன அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, மீசை முளைக்கும் முன்பே மலையேறி மோட்டார் ஷெட்டில் சேர்ந்தவர். பிறகு சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளாதவன் எவனாக இருந்தாலும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போக முடியாது. "எண்ணெ ஊத்தத் துப்பில்ல, ஒங்களுக்கெல்லாம் எதுக்குங்க காரு?" என்று ஒரு டாக்டரையே கேட்டார். அந்த டாக்டர் அடுத்த மாதமும் அவரிடம்தான் வந்தார்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் கழித்து, பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். வாங்கியவர் சுவாமிநாதன். அவரும் பழனிக்காரர்தான், யாத்ரீகர்களுக்குச் சத்திரம் நடத்திப் பணம் பார்த்தவர். தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. யுத்தத்துக்கு முன்னால் துரை பந்தயம் ஓட்டிய இங்கிலீஷ் வண்டி. இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். நாங்கள் பார்க்கப் போனபோது கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. பித்தளை என்று எண்ணி இரண்டையும் காவல்காரன் எடைக்குப் போட்டுவிட்டிருந்தான். இந்நேரம் எந்த வீட்டில் செம்பாகத் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறதோ!

அன்று தோட்டத்தில் புதுமனைப் பூஜை. சுவாமிநாதன் பழனியிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைத் தண்டாயுதபாணியின் நெற்றியில் பூசி, "முருகன் சாட்சியா இந்த வண்டி ஒனக்குத்தான் தம்பி. என் கொட்டகைய வெரசாக் காலி பண்ணிக் குடு, போதும்" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முருகன் பெயரைச் சொல்லித் திருநீறு கொடுத்தால் அது பத்திரம் எழுதின மாதிரி. அதற்குப் பிறகு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பது கொடுத்தவரை மட்டுமல்ல, சாமியையே சந்தேகிக்கிற காரியம். தண்டாயுதபாணி கேட்கவில்லை. என் லாரியில் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

மதுரையில் ஒரு மோட்டார் கிளப், மலை அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் வரை பந்தயம் நடத்தப்போவதாக அறிவித்திருந்தது. அதில் அந்த வண்டியைத் தானே ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. ஆயுசு பூராவும் அடுத்தவன் வண்டியைச் சரிசெய்து, சத்தம் கேட்டுப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். சொந்த வண்டியில் அந்த மலையில் ஒரு தடவையாவது முழுசாக ஏற வேண்டும் என்றார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். அதைத் தேடி அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. புதிதாக வரவழைக்க வழியில்லை, இருந்தாலும் கையில் காசில்லை. மதுரையில் ஒரு பழைய இரும்புக்கடையில் பந்தய வண்டியின் கார்புரேட்டர் ஒன்று இருந்தது. வாய் அகலமானது, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே ஏறி இறங்குகிற வால்வு தேய்ந்து லொடலொடத்தது. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுத் தண்டாயுதபாணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தேஞ்சத வச்சுக்கிட்டுத் தங்க வெல சொல்றீரே, நீரு நல்லாயிருப்பீரா?" என்று கத்தினார். நான் இழுத்துக்கொண்டு வந்தேன். கோயமுத்தூரில் ஒருவர், ஒன்றை மட்டும் வாங்கி, கவட்டைக் குழாய் போட்டு இரண்டு சிலிண்டருக்கும் பிரித்துவிடச் சொன்னார். "ஒரே தட்டுல ரெண்டு பேருக்குச் சோறு போடச் சொல்றான் மடையன்" என்று தண்டாயுதபாணி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியில் வத்தலக்குண்டிலேயே கிடைத்தது. ராணுவத்தில் கழித்த சாமான்களை ஏலத்தில் எடுத்த ஒருவரிடம், பட்டாள மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர்கள் காகிதம் பிரிக்காமல் கிடந்தன. சின்ன வாய். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"அண்ணே, பந்தய வண்டிக்கு இது பத்துமாண்ணே? மதுரையில பாத்தத எப்படியாச்சும் பேசி முடிப்போம்" என்றேன்.

"ஏலே, நம்ம ரோட்டுல முழுசா முறுக்கி ஓட்டுறதுக்கு எங்கலே எடம் கெடக்கு? வளைவுல மூடணும், தாண்டுனதும் தெறக்கணும். பெரிய வாயி தெறந்ததும் விக்கி நிக்கும். சின்ன வாயி சட்டுனு புடிக்கும். அதுவும் ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். ஒண்ணு ராஜா, ஒண்ணு கூஜான்னா வளைவுல நம்மளத் தூக்கிப் பள்ளத்துல போட்ரும்" என்றார்.

இரண்டை வாங்கினார். அவர் பெயரிலேயே ரசீது எழுதித் தந்தார்கள். எஞ்சினோடு அவை பொருந்தவில்லை. உடைந்த லாரி பிஸ்டனை உருக்கி வார்த்து, இடையில் வைக்கத் தகடு ராவினார். அடுத்த தொல்லை ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற பொடித்துளை. மலைமேல் காற்று மெலிசு, துளை சின்னதாக இருக்க வேண்டும். அடிவாரத்தில் அதே துளை வைத்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் வெந்துவிடும். பந்தயமோ கீழே தொடங்கி மேலே முடிகிறது. ஈயம் பற்றவைத்துத் துளையை அடைப்பதும், மெல்லிய ஊசியால் திறப்பதும், மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் வரை ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுமாக ஒரு மழைக்காலமே போயிற்று. பிளக் கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. கீழேயும் மேலேயும் ஒருமாதிரி சமாளிக்கிற துளை அமைந்த அன்று, காப்பிக்கொட்டை நிறத்திலிருந்த பிளக்கை என் மூக்கருகே நீட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

சத்தம் சுவாமிநாதன் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் தண்டாயுதபாணியின் ஷெட் முன்னால் காரை நிறுத்தி இறங்கி வந்து, வண்டியைத் தடவிப் பார்த்து, "பிரமாதமாப் பண்ணிட்டியே தம்பி" என்றார். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வண்டியின் பதிவுப் புத்தகம் வேண்டியிருந்தது. தண்டாயுதபாணி கேட்டார். நாளைக்கு என்றார். பிறகு வெள்ளிக்கிழமை என்றார். கடைசியில், "நீ எதுக்கு அலையுற? பந்தயத்தன்னைக்கு நானே கையோட கொண்டாரேன்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. சொன்னதற்கு என்மேல்தான் பாய்ந்தார்: "திருநீறு பூசிக் குடுத்தவரப் போயி சந்தேகப்படுறியேலே, நீயெல்லாம் மனுசனா?"

பந்தய நாளில் வெள்ளனே இறங்கி அடிவாரத்துக்குப் போய்விட்டோம். சுவாமிநாதன் சொன்னபடியே வந்தார். கையில் பதிவுப் புத்தகம். கூடவே, பளபளக்கும் தோல் சட்டை போட்ட மெட்ராஸ் மருமகன். ஒரு ஏட்டையாவும் வந்தார்.

"தம்பி, மாப்பிள்ள ஆசப்படுறாரு. வண்டிய அவரு ஓட்டட்டும். ஒன் கூலி என்னன்னு சொல்லு, குடுத்துர்றேன்" என்றார், கூசாமல்.

"கூலியா? முருகன் சாட்சியா எனக்குன்னு சொன்னீங்களேய்யா!"

"ஓட்டிப் பாத்துக்கன்னுதான சொன்னேன்."

ஏட்டையா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "புத்தகம் முதலாளி பேருல இருக்கு. வண்டி அவரோடது. பேசாம விட்டுட்டுப் போப்பா" என்றார். கூட்டம் சுற்றிலும் கூடிவிட்டது. அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். ஒருத்தன் வாய் திறந்தானா? தோட்டத்து முதலாளியைப் பகைத்துக்கொள்ள எவனுக்கும் தைரியமில்லை. த்தூ!

தண்டாயுதபாணி அடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏய், என்ன பண்ற?" என்று மருமகன் கூவினான்.

"வண்டி ஒங்களோடதுதாங்க. கார்புரேட்டரு ரெண்டும் என்னோடது. ஏட்டையா, ரசீது இந்தா இருக்கு, படிச்சுப் பாருங்க."

ஏட்டையா படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். தண்டாயுதபாணி பெட்ரோல் குழாயை மூடி, கேபிளைப் பிரித்து, நட்டுகளைத் திருகி, தான் வார்த்த தகடுகளோடு இரண்டையும் கழற்றிச் சட்டையைக் கழற்றி அதில் முடிந்தார். பழைய ஓட்டைகள் இரண்டும் வெளியே தெரிந்தன.

"என்ன வெல வேணும் சொல்லு" என்றார் சுவாமிநாதன். குரல் இறங்கியிருந்தது.

"ஒங்க தோட்டத்த வித்தாலும் பத்தாது."

அவ்வளவு நேரம் வாய்மூடி நின்ற கூட்டம் இப்போது கை தட்டியது. விசில் பறந்தது. "சரியான ஆளுய்யா! முதலாளிக்கு நல்லா வச்சான் பாரு ஆப்பு!" என்று ஒருவன் அவர் தோளில் தட்டினான். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. அதற்குள் முதல் வண்டியைக் கிளப்பி விட்டுவிட்டார்கள். அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த தண்டாயுதபாணி, தோளில் கிடந்த கையைத் தட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வெற்றுடம்பில் வேர்வை வழிந்தது. கண்ணிலும்.

"என்னத்துக்குய்யா கை தட்டுறீங்க? அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆச்சு. நான் ஓட்டணும்னுல்லய்யா ஆசப்பட்டேன்!"