தீட்டுக்குப் பயந்து பிரஷ்ஷை விட்டவர்

இன்று வேங்கிக்காலில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று உட்கார வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் கிரிவலப் பாதைக் கோயில் ஒன்றின் குருக்கள்.

"வாயில ரத்தம் வந்தா கர்ப்பகிரகத்துக்குள்ள போகக் கூடாதும்மா. அதான் பிரஷ்ஷையே விட்டுட்டேன். வெறுமனே கொப்பளிச்சுண்டு போயிடுவேன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார்.

இப்போது இரண்டு பல் ஆடுகிறது. விழுந்துவிடுமோ என்று மந்திரத்தைக்கூட மெதுவாகத்தான் சொல்கிறாராம்.

டாக்டரம்மா திட்டவில்லை. "தேய்க்காததாலதான் சாமி, கிருமி பாசி மாதிரி படிஞ்சிருக்கு. ரத்தமே அதனாலதான் ஜாஸ்தியா வருது."

சுத்தம் செய்தார். ஈறு இடுக்கில் நீலச் சாயம் விட்டு, சிவப்பு லேசர் ஒளியைக் காட்டினார். சாயத்தில் ஒளி பட்டால் கிருமி சாகுமாம்.

குருக்கள் நீல வாயோடு சிரித்தார். "தினம் சாமிக்கு நான் காட்டறேன். இன்னைக்கு எனக்கே தீபாராதனை காட்டிட்டேள்!"

"வெளிச்சம் மட்டும் போதாது சாமி. ரத்தம் வந்தாலும் மெதுவா தேய்க்கணும். கொஞ்ச நாள்ல நின்னுடும்."

"அதுவரைக்கும் என் தம்பி பூஜை பண்ணட்டும்" என்று புது பிரஷ்ஷை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

ரத்தத்தைப் பார்த்து பிரஷ்ஷை விட்டவன்தான் நானும். அவருக்காவது சாமி குறுக்கே நின்றார். எனக்கு வெறும் சோம்பல்.

உங்களுக்கு என்ன சாக்கு?